எட்டுச் சனிக்கிழமைகள்: தன்கதை எழுதக் கற்பித்த ஒரு பட்டறை

மதுரையில் 2024ஆம் ஆண்டு ஆடி மாதம் தொடங்கி, எட்டுச் சனிக்கிழமைகள், காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நடைபெற்ற தன்கதை எழுத்துப் பட்டறை ஒன்றில் 4,500 ரூபாய் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்றவர்களில் பலர் தங்கள் வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிவைக்க விரும்புகிறார்கள். அந்தப் பட்டறை பயன்பட்டதா, கொடுத்த பணத்திற்குத் தகுமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நடத்தியவர்கள் ஒரு சிறு குழுவினர். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அவர்கள் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். சொல்ல வேண்டியவற்றை அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

பட்டறையின் அடிப்படை, ஆங்கிலத்தில் ஃப்ரீ ரைட்டிங் என்று வழங்கப்படும் தடையில்லா எழுத்துப் பயிற்சி. பயிற்றுநர் ஒரு சொல்லையோ பொருளையோ கொடுத்துவிட்டு மணி அடிப்பார். அடுத்த மணி ஒலிக்கும்வரை பேனா தாளை விட்டு எழக்கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது, மேலே போய்ப் படிக்கக் கூடாது, எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது. ஒன்றுமே தோன்றாவிட்டால், கடைசியாக எழுதிய சொல்லையே அடுத்தது வரும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். முதல் வாரம் பத்து நிமிடம், மூன்றாம் வாரம் பதினைந்து, ஐந்தாம் வாரத்திலிருந்து இருபது என்று நேரம் கூடியது. வீட்டிலும் நாள்தோறும் பத்து நிமிடம் எழுத வேண்டும்; எழுதியதை ஒரு வாரத்திற்குத் திறந்து பார்க்கக் கூடாது.

இம்முறை புதியதன்று. பாரீசில் 1919இல் பிரெஞ்சுக் கவிஞர்களான ஆந்திரே பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் அறிவின் குறுக்கீடு இல்லாமல் கை போன போக்கில் எழுதிப் பார்த்தது கவிதைக்கான சோதனை. அமெரிக்காவில் 1934இல் டொரோத்தியா பிராண்டே என்ற எழுத்தாளர், புதிதாக எழுத வருபவர்களை, வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்பே எழுந்து, யாரிடமும் பேசாமல், எதையும் படிக்காமல் உடனே எழுத உட்காரச் சொன்னார். இன்று பட்டறைகளில் நாம் காணும் வடிவத்திற்கு மிக நெருக்கமானதை 1973இல் வகுத்தளித்தவர் பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர். எழுதுவதும் திருத்துவதும் வெவ்வேறு வேலைகள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயல்வதால்தான் கை முடங்குகிறது என்பது அவருடைய கருத்தின் சாரம். இவை அனைத்தும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பிறந்தவை. தமிழில் செய்யும்போது என்ன நேர்கிறது என்பதைத்தான் நான் இங்கே முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் 32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவள். விடைத்தாளில் வல்லினம் மிகும் இடத்தில் மிகாமல் விட்ட ஒற்றுக்கும், றகரம் வர வேண்டிய இடத்தில் வந்த ரகரத்திற்கும் சிவப்பு மையில் வட்டமிடுவது என் அன்றாடப் பணியாக இருந்தது. அந்தப் பணியை நான் நேசித்தேன், இன்றும் அதைத் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால் முதல் சனிக்கிழமை, ‘உங்கள் வீட்டு வாசற்கதவு’ என்று பயிற்றுநர் சொல்லி மணியடித்தபோது, பத்து நிமிடத்தில் நான் எழுதியவை பதினொரு வரிகள் மட்டுமே. ஒவ்வொரு வரியும் இலக்கணப்படி முழுமையாக இருந்தது. கதவின் மரம், நிறம், தாழ்ப்பாள் எல்லாம் இருந்தன. அந்தக் கதவைத் திறந்து உள்ளே போக எந்த வரியாலும் முடியவில்லை. இரண்டாம் வாரமும் இதே நிலைதான். என் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவருக்கும், கல்லூரி நூலகர் ஒருவருக்கும் இதே இடர்ப்பாடு இருந்ததை அவர்கள் தாள்களைப் பார்த்தபோது உணர்ந்தேன். எல்லாரும் தம் பிறந்த ஊரைப் பற்றிப் பள்ளிக் கட்டுரை எழுதியிருந்தோம்.

இதற்குக் காரணத்தைப் பயிற்றுநர் இரண்டாம் வார முடிவில் விளக்கினார். பட்டறையில் நான் பெற்றவற்றுள் மிக மதிப்புள்ளது அந்த விளக்கம். தமிழர்களாகிய நாம் ஒரு மொழியில் வாழ்ந்து இன்னொரு மொழியில் எழுதுகிறோம். நம் தாய் நம்மைக் கடிந்துகொண்டதும் கொஞ்சியதும் பேச்சுத்தமிழில். அதை எழுத உட்காரும்போது கை தானாக எழுத்துத்தமிழுக்கு மாறிவிடுகிறது. ‘வந்துட்டுப் போனாரு’ என்று காதில் விழுந்தது, தாளுக்கு வருவதற்குள் ‘வந்துவிட்டுச் சென்றார்’ ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி ஒரு மொழிபெயர்ப்பு நடக்கும்போது, அந்த மொழிபெயர்ப்பாளர்தான் திருத்துபவரும்கூட. ஆங்கிலத்தில் எழுதுபவர் தன் மனத்திலிருக்கும் ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு எழுதத் தொடங்கலாம். தமிழில் எழுதுபவருக்கோ அந்த ஆசிரியர் வினைமுற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு விதி கூடுதலாகச் சேர்ந்தது: காதில் கேட்டபடியே எழுத வேண்டும், யாருடைய குரலில் நினைவு வருகிறதோ அந்தக் குரலிலேயே எழுத வேண்டும்.

இவ்விதியை நான் எளிதாக ஏற்கவில்லை. வட்டார வழக்கில் எழுதுவது இழிவு என்று கருதியவளல்லள் நான். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது, பேச்சுமொழி ஒரு முழுத் தன்வரலாற்றையும் தாங்கி நிற்பதைப் படித்து வியந்தவள்தான், இடைசெவலின் கி. ராஜநாராயணன் எங்கள் கரிசல் மண்ணின் சொற்களைத் தொகுத்து அகராதியே ஆக்கியதைப் பிள்ளைகளிடம் பெருமையுடன் சொன்னவள்தான். ஆனாலும் என் பேனாவில் அந்த மொழி வந்ததேயில்லை. சாத்தூருக்கு அருகிலுள்ள ஊரில் பதினாறு வயதுவரை நான் பேசிய தமிழை, ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து சிறிது சிறிதாகக் களைந்திருந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை கொடுக்கப்பட்ட சொல் ‘வாசனை’. எனக்கு உடனே வந்தது தீப்பெட்டிப் பசையின் வாசனை. எங்கள் பகுதியில் 1960களிலும் 1970களிலும் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஏஜண்டு கொண்டுவந்து போடும் மெல்லிய மரச்சில்லையும் நீலத்தாளையும் வைத்துப் பெட்டிகளை ஒட்டிக் காயவைத்து, குரோசுக் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு குரோசு என்றால் 12 டஜன், அதாவது 144 பெட்டிகள். மைதா மாவில் பசை காய்ச்சும்போது அதில் மயில்துத்தம் என்ற நச்சுத்தன்மையுள்ள நீல உப்பைச் சேர்ப்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பசியில் பிள்ளைகள் வழித்துத் தின்றுவிடாமல் இருக்கவும் அது உதவியது என்பது பிள்ளைகளாகிய எங்களுக்குத் தெரியும். அன்று என் நோட்டில் விழுந்த வரிகளில் சிலவற்றை மாற்றாமல் தருகிறேன்:

“அம்மா பசை காச்சுறா. மைதா வாசம் தோசை வாசம் மாதிரியே வருது. மயில்துத்தம் போட்டாச்சு புள்ள கைய வைக்காதங்கா. எனக்குப் பசிக்குது. அக்கா ஒட்டுறா நான் அடுக்குறேன். பன்னெண்டு பன்னெண்டா கட்டணும். தெருவுல பாவைக்கூத்துக்குக் கொட்டு அடிக்கான். எண்ணிட்டியான்னு அம்மா கேக்கா. எண்ணிட்டேம்மா. எண்ணிட்டேன் சரியா இருக்கு. எண்ணிட்டேன். நான் எண்ணல. எண்ணல. எண்ணல. எண்ணல.”

ஒன்றும் தோன்றாதபோது கடைசிச் சொல்லையே திரும்ப எழுத வேண்டும் என்ற விதிதான் இந்த வரிக்கு என்னைக் கொண்டுவந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எட்டாவது நிமிடமோ ஒன்பதாவது நிமிடமோ இருக்கும். பசை, பசி, கொட்டுச் சத்தம் எல்லாம் எழுதி முடித்து, இனி எழுத ஒன்றுமில்லை என்று நினைத்து ‘எண்ணிட்டேன்’ என்ற சொல்லையே மீண்டும் எழுதிக்கொண்டிருந்த கை, தானாக ‘எண்ணல’ என்று எழுதியது. ஒன்பது வயதில், தோல்பாவைக்கூத்தில் முன்வரிசையில் இடம்பிடிக்கும் அவசரத்தில், எண்ணாமலே எண்ணிவிட்டதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை எல்லாப் பெண்களின் முன்னிலையிலும் எண்ணிப் பார்த்து, இரண்டு குரோசிலும் ஒவ்வொரு டஜன் குறைகிறது என்று சொல்லி, அம்மாவைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அம்மா தலையைக் குனிந்து நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் என் கணவரிடமோ மகளிடமோ சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது பொய். சொல்லத்தக்க ஒன்றாக அது என் மனத்தில் ஒருபோதும் உருவெடுத்ததில்லை என்பதே சரி.

அன்று மாலை வீட்டில், பழக்கத்தின் காரணமாக, அந்தப் பகுதியை எழுத்துத்தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘நான் எண்ணவில்லை’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுத்துத்தமிழில் ‘எண்ணவில்லை’ என்பது ‘கணக்கிடவில்லை’ என்றும் பொருள்படும், ‘நினைக்கவில்லை’ என்றும் பொருள்படும். ‘இப்படி ஆகும் என்று நான் எண்ணவில்லை’ என்று தொடர்ந்து எழுதினால், அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு மன்னிப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘எண்ணல’ என்றால் ஒரே பொருள்தான்: கையால் தொட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணவில்லை. வேறு எதற்கும் அங்கே இடமில்லை. பேச்சுமொழியில் எழுதச் சொன்ன விதியின் நியாயம் எனக்கு முழுமையாக விளங்கியது அப்போதுதான். அழகான மொழி என் தவற்றை மறைத்துக் கொடுத்திருக்கும். அம்மாவிடம் பேசிய மொழி அதை அப்படியே வைத்தது.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை நடந்தவை, தடையில்லா எழுத்திலிருந்து கதைக்குப் போகும் பாதை. ஒரு வாரம் மூடிவைத்திருந்த நோட்டுகளைத் திறந்து, உரக்கப் படிக்கத் தயங்கும் வரி எது என்று பார்த்து அதன் கீழ்க் கோடிடச் சொன்னார் பயிற்றுநர். சிறந்த வரியைத் தேடச் சொல்லவில்லை. தயக்கம் தரும் வரியைத் தேடச் சொன்னார். இந்த வேறுபாடு முக்கியமானது. சிறந்த வரியைத் தேடியிருந்தால் மைதா வாசமும் தோசை வாசமும் ஒன்றுபோல் இருந்ததைத்தான் நான் கோடிட்டிருப்பேன். கோடிட்ட வரியைப் புதுப் பக்கத்தின் தலைப்பில் எழுதி, அதிலிருந்து இன்னொரு பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் எழுத வேண்டும். அதில் மீண்டும் தயங்கும் வரியைக் கண்டு, அதிலிருந்து மூன்றாம் முறை எழுத வேண்டும். என் இரண்டாம் சுற்றில் கணக்குப்பிள்ளையின் கட்டைவிரலில் இருந்த மைக்கறை வந்தது. மூன்றாம் சுற்றில், அம்மா அன்றிரவு தான் மீண்டும் எண்ணாமல் என் சொல்லை நம்பித்தான் கட்டுகளை வாசலில் எடுத்து வைத்தாள் என்பது வந்தது. கதையின் முடிச்சு அதுதான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு, சுற்றுகளில் வந்தவற்றை ஒரே காட்சிக்குள் வைக்கும் பயிற்சி நடந்தது. சிறுமிக்குத் தெரிந்தது எவ்வளவு, இப்போது எழுதும் 63 வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று இரண்டு நிறப் பென்சில்களால் பிரித்துக் காட்டச் செய்தார்கள். தன்கதை எழுத விரும்புகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். என் முதல் வரைவில் ஏறத்தாழப் பாதி, சிறுமி அறிந்திருக்கவே முடியாத செய்திகளாக இருந்தது. அவற்றை நீக்கியபோது கதை நான்கு பக்கமாகச் சுருங்கியது, அதன்பிறகே அது கதையாயிற்று.

ஐந்தாம் வாரத்திற்குப் பிறகு கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவிடம் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டினேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கு எண்ண வேண்டியது நான்தான புள்ள. நீ கூத்துக்குப் போனது வேற நாளு” என்றாள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இரண்டு டஜன் பெட்டிகளைத் தன் குற்றமாக அவளும் சுமந்திருக்கிறாள். யார் சொல்வது உண்மை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இல்லை. இதைப் பட்டறையில் சொன்னபோது பயிற்றுநர் கொடுத்த அறிவுரை செம்மையானது: தடையில்லா எழுத்து நினைவை வெளியே கொண்டுவருமேயன்றி நினைவு சரியானது என்று சான்று கொடுக்காது, ஆகையால் தன்கதை என்று பெயரிட்டு வெளியிடுபவர், உடனிருந்தவர்களைக் கேட்பதும், முரண்பாடு இருந்தால் அதைக் கதைக்குள்ளேயே வைப்பதும் கடமை. நான் அக்காவின் சொல்லைக் கதையின் கடைசிப் பத்தியாக அப்படியே வைத்தேன்.

இவ்வளவு நல்ல பயிற்சியைக் கொடுத்தவர்கள் கடைசி இரண்டு வாரங்களை வீணாக்கியது எனக்கு உண்மையான வருத்தம். ஏழாம் வாரத்தில் பதினாறு பேரின் கதைகளுக்கும் கருத்துச் சொல்ல வேண்டியிருந்ததால், ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த அவசரத்தில், ஒவ்வொரு கதையும் ஆறுதலாக முடிய வேண்டும் என்ற போக்கு தலைதூக்கியது. என் கதையில் அம்மா என்னை அணைத்துக்கொள்வதாக ஒரு வரி சேர்க்கலாமே என்று உதவிப் பயிற்றுநர் ஒருவர் பரிந்துரைத்தார். அம்மா அணைத்துக்கொள்ளவில்லை. நடக்காததைச் சேர்ப்பதற்கு இத்தனை வாரம் நிறுத்தாமல் எழுதியிருக்க வேண்டிய தேவையில்லை. எட்டாம் வாரம் பெரும்பாலும் தொகுப்பு நூல் பற்றிய பேச்சிலேயே கழிந்தது. அதில் கதை இடம்பெற மேலும் 1,200 ரூபாய் கேட்டார்கள். இதைச் சேர்க்கையின்போதே சொல்லியிருந்தால் குறையாகக் குறிப்பிட்டிருக்க மாட்டேன்.

இன்னொரு குறை இதைவிடக் கடுமையானது. நான்காம் வாரத்தில், எழுதியதை அனைவர் முன்னிலையிலும் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஒரு பெண் தன் மகனின் இறப்பைப் பற்றி எழுதியிருந்தார். பாதி படித்ததும் அவரால் தொடர முடியவில்லை. அதன்பின் அவர் பட்டறைக்கு வரவேயில்லை. மனவேதனை தரும் நிகழ்வுகளை எழுதுவது பற்றி ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று மாணவர்களை எழுதச் செய்தார். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது என்பதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்ந்திருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. மேலும், அவர்கள் யாரும் எழுதியதைக் கூட்டத்தின் முன் படிக்கவில்லை. நோட்டு, எழுதுபவருக்கு மட்டுமே உரியது. படிக்கலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். தடையில்லா எழுத்தைக் கற்பிக்கும் எவரும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடம் காற்றோட்டமாக இருந்தது, தேநீர் நன்றாக இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு எழுதுபலகை இல்லாததால் மடியில் அட்டை வைத்து இருபது நிமிடம் எழுதுவது அறுபதைக் கடந்தவர்களின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கடினம். அவர்கள் கொடுத்த சுருள்கம்பி நோட்டில் மை மறுபக்கம் ஊறியது. இரண்டாம் வாரமே நான் கடையில் கோடு போடாத 200 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். கோடில்லாத தாளில் எழுத்து சாய்ந்தும் பெருத்தும் போவதைப் பார்த்தபோது, திருத்தும் பழக்கம் தளர்வதை உணர முடிந்தது.

கைப்பேசியில் எழுதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்களில் ஐவர், ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அது மூன்று நான்கு பரிந்துரைகளைக் காட்டுகிறது, எழுதுபவர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுப்பதும் திருத்துவதே. அதோடு, பேச்சுவழக்குச் சொற்களை அது எழுத்துத்தமிழாக மாற்றிவிடுகிறது. ‘கேக்கா’ என்று தட்டியவருக்கு ‘கேக்’ வந்தது. தட்டச்சில்தான் எழுத முடியும் என்பவர்கள், தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டு, பரிந்துரைகளை அணைத்துவிட்டு, திரையின் ஒளியையும் குறைத்து எழுதலாம். பேனா பிடிக்க முடிந்தவர்கள் பேனாவாலேயே எழுதுவது மேல்.

ஏற்கெனவே கதைகள் எழுதி வெளியிட்டு வருபவர்களுக்கு இந்தப் பட்டறை தேவைப்படாது. எழுத்துத்தமிழில் நல்ல பயிற்சி பெற்று, ஆனால் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் கட்டுரையே வருகிறது என்று தவிக்கும் ஆசிரியர்கள், அலுவலர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோருக்கு இதன் முதல் ஆறு வாரங்களை உறுதியாகப் பரிந்துரைப்பேன். 4,500 ரூபாய் அந்த ஆறு வாரங்களுக்கே தகும். படிக்கச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொகுப்பு நூலுக்குக் கதை கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை; நான் கொடுக்கவில்லை.

தை மாதத்தில் தொடங்கிய இரண்டாம் கட்டப் பட்டறைக்கும் என்னை அழைத்தார்கள். அதற்கு நான் சேரவில்லை. அந்தப் பணத்தில் கோடு போடாத நோட்டுகள் ஆறு வாங்கி, மூன்றை அக்காவுக்கு அனுப்பினேன். காலை ஐந்தரை மணிக்கு இருவரும் அவரவர் வீட்டில் இருபது நிமிடம் எழுதுகிறோம். இப்போது எழுதிக்கொண்டிருப்பது அம்மாவின் கைகளைப் பற்றி.